லிம்போபோ வேட்டைக்கு எந்தத் தோட்டா? 308-க்கும் 300 மேக்னத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு

கனடாவில் இருக்கிற யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் அடுத்த ஜூன் மாதம் தென்னாப்பிரிக்காவின் வடக்கு மாகாணமான லிம்போபோவுக்கு வேட்டைக்கு வருகிறார். அல்பர்ட்டாவில் பல வருடமாக மான் சுட்டுப் பழகிய கை, ஆனால் ஆப்பிரிக்கா இதுதான் முதல் தடவை. போன வாரம் போனில் கேட்டார்: “அண்ணை, என்னட்டை 308 தான் கிடக்கு. இதுக்கெண்டு 300 மேக்னம் ஒண்டு வாங்கட்டோ?”

இந்த எண்கள் தோட்டா அளவுகளின் பெயர்கள், அதைச் சுடும் துப்பாக்கியையும் அதே பெயரில் சொல்வோம். மேக்னம் என்றால் மருந்து அதிகம், வேகம் அதிகம். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் ஒரு மணி நேரம் ஆனது. அந்தப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை இதற்கு முன்னும் இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், எல்லோருமே கேள்வியைத் தப்பான இடத்திலிருந்துதான் ஆரம்பித்தார்கள்.

வேட்டையே கூடாது என்பவர்களோடு இங்கே வாதாட வரவில்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்தது, கென்யாவில் 1977-இல் தடை வந்தது. தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும் வேறு வழியில் போனவை: வேலி போட்ட தனியார் நிலத்தில் இருக்கும் காட்டு விலங்குக்கு நிலத்துக்காரர் பொறுப்பு, அனுமதியோடு வேட்டை, இறைச்சி பண்ணைக்கோ கசாப்புக் கடைக்கோ போகும், தோல் பதனிடப் போகும், எதுவும் வீணாவதில்லை. நான் பிரிட்டோரியாவில் இருக்கிறேன். குளிர்காலத்தில் ஆபீஸ் நண்பர்களோடு வடக்கே பண்ணைகளுக்குப் போவது பில்டாங் போட இறைச்சிக்காகத்தான், சுவரில் மாட்டக் கொம்புக்காக இல்லை. நம் ஊர் உப்புக்கண்டத்துக்கு அண்ணன் முறை அந்த பில்டாங்.

சரி, விஷயத்துக்கு வருவோம். தோட்டா என்பது ஒரு முழுப் பொட்டலம்: பித்தளை கேஸ், அதற்குள் மருந்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், முனையில் குண்டு. 308, 30-06 என்று நாம் பேசுவதெல்லாம் அந்தப் பொட்டலத்தின் அளவைப் பற்றி. விலங்கின் உடம்புக்குள் போவதோ குண்டு மட்டும். பொட்டலத்தின் அளவுக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள், குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் கடை கவுன்ட்டரில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் முடிவு செய்கிறார்கள். மலிவாக எது இருக்கிறதோ அது. இதைத்தான் தலைகீழாக மாற்ற வேண்டும் என்கிறேன்.

தம்பியின் பட்டியலைப் பாருங்கள். இம்பாலா, வார்ட்ஹாக் என்கிற காட்டுப்பன்றி, குடூ, கெம்ஸ்பாக், நீல வில்டபீஸ்ட், பணம் மிஞ்சினால் ஒரு வரிக்குதிரை. பன்றியும் வரிக்குதிரையும் தவிர மற்றதெல்லாம் மான் மாதிரிக் கொம்புள்ள விலங்குகள். ஆண் இம்பாலா ஐம்பது அறுபது கிலோ. குடூ காளை இருநூறைத் தாண்டும், கெம்ஸ்பாக்கும் கிட்டத்தட்ட அதே எடைதான், வில்டபீஸ்ட் காளை 250 கிலோ அளவில், வரிக்குதிரை முந்நூறுக்கு மேல். காலையில் இம்பாலாவைத் தேடிப் போகிற வழியில் வில்டபீஸ்ட் நிற்கும், அப்போது பையைத் திறந்து வேறு தோட்டா மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆக, ஆறு மடங்கு எடை வித்தியாசம் உள்ள விலங்குகளுக்கு ஒரே தோட்டா. பட்டியலில் எது மிகக் கடினமோ அதற்குத்தான் தேர்வு செய்ய வேண்டும், சின்னது தானாக அடங்கிவிடும்.

என்னைக் கேட்டால் கடினமானது வரிக்குதிரை கூட இல்லை, நீல வில்டபீஸ்ட்தான். ஏழையின் எருமை என்று இங்கே அதற்குப் பட்டப்பெயர். அடி வாங்கியும் ஓடும், ஓடிப்போய் கூட்டத்துக்குள் கலந்துவிடும், எது அடிபட்டது என்று தெரியாது. என் முதல் வில்டபீஸ்ட் கதை இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. 308-இல் 150 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு, சீக்கிரம் விரியும் ரகம், தூரமாகச் சுடுகிறவர்களுக்கு என்று விற்கப்பட்டது, பெட்டியில் அழகான மான் படம். சுட்டது எழுபது மீட்டரில், தோளில், சரியான இடத்தில். விழவில்லை. தடம் பார்க்கிற பெரியவர் ஒருவர் நான்கு மணி நேரம் மணலில் குனிந்தபடி நடந்தார், இரத்தம் சொட்டுச் சொட்டாக ஒரு கிலோமீட்டர், அப்புறம் அதுவும் இல்லை, குளம்படி மட்டும். கடைசியில் பார்த்து இரண்டாவது தோட்டாவில் முடித்தோம். தோலை உரிக்கும் கொட்டகையில் பார்த்தால் முதல் குண்டு தோள் எலும்பின் மேலேயே உடைந்து சிதறிப்போயிருந்தது, செம்பு உறை தனியாக, ஈயம் தனியாக. நுரையீரலுக்குப் போனது துணுக்குகள்தான். அதே குண்டு இருநூற்றைம்பது மீட்டரில், வேகம் குறைந்தபின், நன்றாக வேலை செய்திருக்கும். குண்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதை அந்த வேலைக்கு எடுத்துப் போனவன் நான்.

புஷ்வெல்ட் காட்டில் இதுதான் சிக்கல். முள் மரங்களுக்கு நடுவே பெரும்பாலும் அறுபது முதல் நூற்றைம்பது மீட்டருக்குள்தான் சுடுவீர்கள். அந்தக் கிட்டத்தில் குண்டு முழு வேகத்தில் எலும்பில் மோதும். வேகம் கூடக் கூட மெல்லிய உறை கொண்ட குண்டு உடைவதற்கான வாய்ப்பும் கூடும். ஆகவே மேக்னம் வாங்கிவிட்டு அதில் சாதாரண குண்டைப் போடுவது, கூடுதல் காசு கொடுத்துப் பிரச்சினையைப் பெரிதாக்கிக்கொள்வதுதான்.

இப்போது குண்டு வகைகளைப் பார்ப்போம், இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதலாவது சாதாரண ஈய முனைக் குண்டு, ஈயத்தின் மேல் செம்பு உறை, இரண்டும் ஒட்டப்படாதவை. ரெமிங்டனின் கோர்-லாக்ட் போன்றவை இந்த வகை. மலிவு, எங்கும் கிடைக்கும், இம்பாலாவுக்கும் ஸ்பிரிங்பாக் என்கிற சின்ன மானுக்கும் குறையே சொல்ல முடியாது. மிதமான வேகத்தில், கனமான எடையில், குடூவுக்கும் போதும், பல தலைமுறையாக இங்கே அப்படித்தான் சுட்டிருக்கிறார்கள். வேகமான காலிபரில், அதாவது தோட்டா அளவில், இலேசான எடையில் எடுத்தால்தான் ஆபத்து. பிளாஸ்டிக் முனை வைத்து, தூரத்துக்கென்று செய்யப்பட்ட மெல்லிய உறைக் குண்டுகளும் ஏறத்தாழ இந்தக் கட்சிதான், இன்னும் மென்மை.

இரண்டாவது, ஈயத்தையும் உறையையும் ஒன்றாக ஒட்டிய பாண்டட் குண்டு. நார்மா ஓரிக்ஸ், நாஸ்லர் அக்யூபாண்ட், ஃபெடரல் ஃப்யூஷன் எல்லாம் இதில் வரும். விரியும், ஆனால் பிரியாது. எலும்பில் பட்டாலும் தன் எடையில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு உள்ளே போகும். நார்மா தன் குண்டுக்கு ஓரிக்ஸ் என்றே பெயர் வைத்திருக்கிறது, கெம்ஸ்பாக் இருக்கிறதே, அது அந்த ஓரிக்ஸ் குடும்பம்தான்.

மூன்றாவது நாஸ்லர் பார்ட்டிஷன். குண்டுக்கு நடுவில் செம்பிலேயே ஒரு தடுப்புச் சுவர். முன்பாதி ஈயம் விரிந்து கொஞ்சம் உதிரும், பின்பாதி சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருந்து ஆழமாகத் துளைக்கும். கனடாவில் ஒரு மூஸ் மான், பக்கத்தில் போன பிறகும் குண்டுகளை வாங்கிக்கொண்டு விழாமல் நின்ற கடுப்பில் ஜான் நாஸ்லர் இதை யோசித்தார் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1948-இலிருந்து விற்பனையில் இருக்கிறது. எடையில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும், பார்க்கிறவர்களுக்கு அது குறையாகத் தெரியும், உரிக்கிற கொட்டகையில் பார்த்தால் அந்த உதிர்ந்த பாதிதான் நுரையீரலைக் கலக்கியிருக்கும். ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம் இதே சுவரை வைத்து, கூடவே முன்பாதியை ஒட்டியும் விட்டது. பட்டியலில் எருமையும் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன், விலையைப் பார்க்காமல்.

நான்காவது ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு. பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ், டிடிஎஸ்எக்ஸ் எல்லாம் இது, இந்த நாட்டிலேயே பெரக்ரின் போன்றவர்கள் செய்கிறார்கள். முனையில் குழி, பட்டதும் பூ மாதிரி நான்கு இதழாக விரியும், எடை கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். எந்தக் கோணத்திலிருந்தும் உள்ளே போகும், பெரும்பாலும் மறுபக்கம் வெளியே வரும், இரண்டு ஓட்டை என்றால் தடம் பார்ப்பவருக்கு இரத்தம் தெளிவாகத் தெரியும். இன்னொன்று, சாப்பிடப்போகிற இறைச்சியில் ஈயத் துணுக்கு இராது. வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவன் என்பதால் எனக்கு இது முக்கியம். குறை? செம்பு ஈயத்தைவிட இலேசு, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும், அதனால் ஒரு படி எடை குறைத்து வாங்க வேண்டும்: ஈயத்தில் 180 என்றால் செம்பில் 165 அல்லது 168, ஈயத்தில் 165 என்றால் செம்பில் 150. வேகம் ரொம்பக் குறைந்தால், நொடிக்கு 550, 600 மீட்டருக்குக் கீழே போனால், சரியாக விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போகிற அபாயம் உண்டு, ஆனால் புஷ்வெல்ட் தூரத்தில் அந்தக் கவலையே இல்லை. அப்புறம், மறுபக்கம் வெளியே வரும் என்றேனே, பின்னால் இன்னொரு விலங்கு நின்றால் அதற்கும் படும், அதற்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். கூட்டம் விலகும்வரை காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கான குண்டு.

ராணுவ மிச்சமாக வரும் முழு உறைக் குண்டு, போட்டிக்குச் சுடும் மேட்ச் குண்டு இரண்டையும் பற்றிப் பேசவே வேண்டாம். முன்னது விரியவே விரியாது, பின்னதை நம்ப முடியாது.

இனி காலிபர். 308-இல் 165 கிரெய்ன் குண்டு, அதாவது பத்தரை கிராமுக்குச் சற்று மேல், நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் குழல் முனையில் அதன் ஆற்றல் சுமார் 3600 ஜூல். 30-06-இல் 180 கிரெய்ன் அதே வேகத்தில் 3900-க்கு மேல். 300 வின்செஸ்டர் மேக்னம் அதே 180-ஐ 900 மீட்டரில் தள்ளும், 4700 ஜூல். 375 எச் அண்ட் எச் 300 கிரெய்னோடு 5700-ஐத் தாண்டும். இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? நமீபியா சட்டத்திலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது: ஸ்பிரிங்பாக் போன்ற சின்னவற்றுக்குக் குறைந்தது 1350 ஜூல், குடூ, கெம்ஸ்பாக், வில்டபீஸ்ட், மாடு மாதிரிப் பெரிய ஈலண்ட் வகைக்கு 2700, யானை, எருமைக்கு 5400. லிம்போபோ நமீபியா இல்லைதான், ஆனால் அளவு அனுபவத்தில் வந்தது. 308 அந்த 2700-ஐ வசதியாகவே தாண்டிவிடுகிறது.

பிறகு ஏன் எல்லோரும் 300 மேக்னம் என்கிறார்கள்? குண்டு அதிகம் கீழே இறங்காமல் தட்டையான கோட்டில் போகும் என்பதற்காக. இருநூறு மீட்டரில் ஜீரோ போட்டால், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், முந்நூறில் 30-06-க்கும் 300 மேக்னத்துக்கும் இடையே இறக்க வித்தியாசம் சுமார் ஐந்து சென்டிமீட்டர். ஐந்தே ஐந்து. குடூவின் நெஞ்சுக்குள் அது எங்கே தெரியப்போகிறது? கரூவின் வறண்ட வெளியிலோ நமீபியாவின் திறந்த வெளியிலோ முந்நூறைத் தாண்டிச் சுடும் பழக்கமும் பயிற்சியும் இருந்தால் அதன் பயன் கொஞ்சம் தெரியும். முள் காட்டில் தெரியாது. தெரிவது உதைதான். 300 மேக்னத்தின் உதை 308-ஐவிட ஒன்றரை மடங்கு, 375 இரண்டு மடங்கு. உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், யாருமே அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். துப்பாக்கியில் தோட்டா இல்லாமல் ரகசியமாகக் கொடுத்துச் சுடச் சொன்னால் குழல் துள்ளுகிற துள்ளலில் குட்டு வெளிப்படும்.

30-06-ஐ நான் மேக்னத்துக்கு மேலே வைப்பேன். 1906-இல் வந்தது, அதன் தோட்டா எந்த ஊர்க் கடையிலும் இருக்கும், 180 கிரெய்னைச் சுமக்கும் இடம் 308-ஐவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் கையில் ஏற்கெனவே 308 இருக்கிறவர் இதற்காக மாற வேண்டிய அளவுக்கு வித்தியாசம் கிடையாது. புதிதாக ஒன்று வாங்கப் போகிறவர் என்றால் பேச்சு வேறு.

7x57 பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசில்லை. 1892-இல் வந்த மவுசர் தோட்டா, போயர் போரில் இங்கே பண்ணைக்காரர்கள் கையில் இருந்தது, இன்றும் இருக்கிறது. இதையே இங்கிலாந்தில் 275 ரிக்பி என்று பெயர் மாற்றி விற்றார்கள், புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் கையில் இருந்த ரிக்பி அதுதான். நீளமான, கனமான குண்டு, நிதானமான வேகம். நான் மேலே சொன்ன உடைகிற பிரச்சினை இதில் கிட்டத்தட்ட கிடையாது, சாதாரண ஈய முனையே நன்றாக நடந்துகொள்ளும். உதை குறைவு என்பதால் சுடுகிறவரும் நன்றாக நடந்துகொள்வார். 6.5 கிரீட்மோர் என்ற புதுத் தோட்டாவை வைத்திருக்கும் இளைஞர்கள் இதைப் படித்துவிட்டு எங்களுடையதும் அதே குணம்தானே என்பார்கள். ஆமாம், நல்ல பாண்டட் குண்டோடு குடூ வரை சரி, வில்டபீஸ்ட் கோணலாக நின்றால் விட்டுவிடுங்கள்.

சுடும் இடம் பற்றி ஒன்று, இது தோட்டாத் தேர்வோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. வட அமெரிக்காவில் மான் சுடுகிறவர்கள் தோளுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிக் குறி வைத்துப் பழகியவர்கள். எலும்பு படாது, இறைச்சி கெடாது. இங்கே அது பல நேரம் வயிற்றில் போய் முடியும், ஏனென்றால் இந்த விலங்குகளுக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், முன்னங்கால்களுக்கு நடுவில், தாழ்வாக இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டிலேயே மேலே போய் உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைக்கச் சொல்வார்கள். கெம்ஸ்பாக்குக்கும் வில்டபீஸ்ட்டுக்கும் முதுகுத் திமில் கண்ணை ஏமாற்றும், உயரமாகச் சுட்டுவிடுவோம். அப்படித் தோள் வழியாகச் சுட வேண்டும் என்றால் குண்டு எலும்பை உடைத்துக்கொண்டு போகத்தான் வேண்டும். ஆக மென்மையான குண்டு அல்பர்ட்டாவில் நன்றாக வேலை செய்தது என்பது இங்கே சாட்சியாகாது, அங்கே அது எலும்பைப் பார்த்ததே இல்லை.

காசு? முழுச் செம்பும் பார்ட்டிஷனும் சாதாரணத் தோட்டாவைப் போல இரண்டு மடங்கு வரை விலை போகும். வேட்டைப் பயணத்துக்குத் தேவைப்படுவது நாற்பது தோட்டா. விமான டிக்கெட்டையும் பண்ணைக் கட்டணத்தையும் பார்த்தால் அந்த வித்தியாசம் பெட்ரோல் காசுக்குக்கூட வராது. இங்கே விதி என்னவென்றால், ஒரு சொட்டு இரத்தம் சிந்தினாலும் விலங்கு உங்கள் கணக்கில், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். தொலைந்துபோன ஒரு குடூவுக்குக் கட்டுகிற பணத்தில் நல்ல தோட்டா எத்தனையோ பெட்டி வாங்கலாம். கணக்கை விடுங்கள், வயிற்றில் குண்டோடு ஒரு பிராணி இராத்திரி முழுக்க எங்கோ கிடக்கிறது என்ற நினைப்போடு சாப்பிட உட்கார்ந்து பாருங்கள்.

கொண்டுவருவதில் இரண்டே விஷயம். விமானத்தில் ஆளுக்கு ஐந்து கிலோ தோட்டா வரைதான், துப்பாக்கியிலிருந்து பிரித்து. இங்கே இறங்கியதும் போலீஸின் 520 படிவத்தைக் கொடுத்துத் தற்காலிக அனுமதி. 308, 30-06 மாதிரி பொதுவான காலிபராக இருந்தால் தோட்டாப் பெட்டி மட்டும் வேறு ஊருக்குப் போய்விட்டாலும் அந்த அனுமதியைக் காட்டி இங்கே வாங்கிக்கொள்ளலாம். அபூர்வக் காலிபர் வைத்திருப்பவர்கள் சாமியை வேண்டிக்கொள்ளட்டும். இந்த அலைச்சலே வேண்டாம் என்றால் பண்ணைத் துப்பாக்கியை வாடகைக்கு எடுக்கலாம். பெரும்பாலும் சத்தம் குறைக்கும் குழாய் மாட்டி, நல்ல குண்டோடு, பண்ணைக்காரர் கையில் பழகியதாக இருக்கும். கெட்ட யோசனை இல்லை.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். 308-ஐயே கொண்டு வா. 165 கிரெய்ன் பாண்டட், இல்லை 150 கிரெய்ன் முழுச் செம்பு, இரண்டில் உன் குழலிலிருந்து எது சிதறாமல் ஒரே இடத்தில் விழுகிறதோ அது, ஏனென்றால் குழலுக்கும் பிடித்தது பிடிக்காதது உண்டு. ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில், ஐந்து பெட்டி வாங்கு. மூன்று பெட்டியை அங்கேயே சுட்டுத் தீர், பெஞ்சில் உட்கார்ந்து இல்லை, முக்காலித் தடியில் துப்பாக்கியைச் சாய்த்து நின்றபடி, ஏனென்றால் இங்கே அப்படித்தான் சுடுவாய். இங்கே வந்ததும் முதல் வேலையாகப் பண்ணை ரேஞ்சில் இரண்டு மூன்று போட்டு ஸ்கோப் அசையாமல் வந்திருக்கிறதா என்று பார்.

“அப்ப ஈலண்ட் வந்தா, அண்ணை?”

ஈலண்ட் காளை எழுநூறு கிலோ. 308-இல் விழாதா என்றால் விழும், நன்றாக வைத்தால். ஆனால் அதற்கு மட்டும் பண்ணைக்காரரின் 375-ஐ ஒரு நாள் வாடகைக்குக் கேள் என்றேன். உதைக்குமோ என்று கேட்டார். உதைக்கும்.